ஹாம்ஸ்டர் கிண்ணத்தில் இல்லாதது எது?

கோவையில் ஹாம்ஸ்டர் வாங்கி வருகிறவர்கள் கையில் கூண்டோடு ஒரு தீவனப் பொட்டலமும் இருக்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோடு போட்ட சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், அங்கங்கே சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய உருண்டைகள். அது தீர்ந்ததும் அடுத்த கேள்வி வரும்: வீட்டில் இருப்பதில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? பதிலாகக் கிடைப்பதெல்லாம் பட்டியல்தான். கேரட் கொடுக்கலாம், வெங்காயம் கூடாது. ஆப்பிள் கொடுக்கலாம், ஆரஞ்சு கூடாது. பட்டியலில் தப்பில்லை. ஆனால் ‘கொடுக்கலாம்’ என்ற பக்கத்தில் இருப்பதை மட்டுமே கொடுத்து ஒரு ஹாம்ஸ்டரை மெல்ல மெல்ல நோயாளி ஆக்கிவிடலாம் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. நஞ்சான எதையோ தின்று கெட்டுப்போவதைப் பற்றி நாம் நிறையவே கவலைப்படுகிறோம். தேவையான ஒன்று கிடைக்காமலே போவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் என்ன இல்லை என்று பார்க்கப் பழக வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. அதற்கான சான்று பிரான்சில் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, குன்னூரிலும் இருக்கிறது.

முதலில் பிரான்ஸ். அந்த நாட்டின் அல்சாஸ் பகுதியில் ஐரோப்பிய ஹாம்ஸ்டர் காட்டு விலங்காகவே வயல்களில் வாழ்கிறது. ஒரு காலத்தில் பயிரைத் தின்னும் தொல்லையாக நினைத்து விரட்டப்பட்ட இனம், இன்று அழியும் விளிம்பில் நிற்கிறது. கோதுமையும் தீவனப் பயிர்களும் கலந்து விளைந்த நிலத்தில் மக்காச்சோளம் மட்டுமே கண்ணுக்கெட்டிய தூரம் பரவிய பிறகு அதன் எண்ணிக்கை ஏன் இப்படிச் சரிந்தது என்று ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் மதில்த் திசியேவும் உடன் ஆய்வாளர்களும் தேடினார்கள். 2017இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, படிக்கிறவர் மனதைக் கலக்கும். மக்காச்சோளத்தை முதன்மையாகத் தின்ற தாய் ஹாம்ஸ்டர்களுக்கு வழக்கம்போலக் குட்டிகள் பிறந்தன. ஆனால் தாய்கள் வட்டமடித்து ஓடின, நாக்கு கறுத்து வீங்கியது. பிறந்த குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய், சேர்த்து வைத்திருந்த மக்காச்சோளக் குவியலோடு போட்டு, உயிரோடு தின்றுவிட்டன. கோதுமை சார்ந்த உணவு கிடைத்த தாய்களின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பிழைத்து வளர்ந்தன. மக்காச்சோளத் தாய்களின் குட்டிகளில் பிழைத்தவை 5 சதவீதம். காரணம் பசி இல்லை. வயிறு நிறையத்தான் தின்றிருந்தன. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின், அதாவது வைட்டமின் பி3, உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதை உடலே தயாரித்துக்கொள்ள உதவும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. அதே மக்காச்சோளத்தோடு பி3 சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் குட்டிகளை வளர்த்தன.

நம் வீட்டுக் கூண்டில் இருப்பது அந்த ஐரோப்பிய இனம் இல்லை என்பது உண்மைதான். கடையில் கிடைப்பது சிரியன் ஹாம்ஸ்டர், இல்லையென்றால் அதைவிடச் சிறிய குள்ள வகைகள். ஆனாலும் மக்காச்சோளம் எந்த உடலுக்குள் போனாலும் அதன் குறை அப்படியேதான் இருக்கும். மனிதர்களுக்கே இதனால் வந்த நோய்க்குப் பெல்லக்ரா என்று பெயர். மக்காச்சோளம் மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. நம்ம சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழை மக்களிடமும் பெல்லக்ரா இருந்தது. ஐதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் அதை ஆராய்ந்து 1960இல் எழுதினார்கள். சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணம் என்று அவர்கள் சொன்ன விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் ஒரே தானியத்தை நம்பி வாழ்கிற உடல் தோலிலும் குடலிலும் மனநிலையிலும் சீர்குலைகிறது என்ற அடிப்படையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொங்கு நாட்டில் மானாவாரிச் சோளக்காட்டில் தட்டைப்பயறையும் அவரையையும் மொச்சையையும் ஊடே விதைத்தவர்கள் நிலத்துக்கு மட்டும் நல்லது செய்யவில்லை, தட்டில் விழும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே நல்லது செய்தார்கள்.

இனி குன்னூர். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் மலைமேல் வரும் அதே குன்னூர்தான். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய சிறிய பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூர்க் கூண்டுகளில் மெக்காரிசன் வளர்த்தவை எலிகள். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே அந்தந்த எலிக் கூட்டத்துக்குப் போட்டுப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி என்று பஞ்சாபின் சீக்கியர்கள் உண்டதைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக இருந்த நம்ம சென்னை மாகாணச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி வரிசையில் நின்றன. இன்னொரு சோதனையில், இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீர், வேகவைத்த காய், டின் இறைச்சி ஆகியவற்றைத் தின்ற எலிகள் குன்றிப்போயின. பார்த்துக்கொள்ள வந்தவர்களைக் கடித்தன. அறுபதாம் நாள் வாக்கில் தங்களுக்குள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. அல்சாஸ் தாய்களுக்கும் குன்னூர் எலிகளுக்கும் நடுவே எண்பது ஆண்டுக்கும் மேல் இடைவெளி. இரண்டிலும் வயிறு நிரம்பியிருந்தது, சத்து நிரம்பவில்லை. அந்தக் குறை நடத்தையில்தான் வெளியே தெரிந்தது. கூண்டுக் கம்பியை ஓயாமல் கடிக்கிற, கையை நீட்டினால் பல் பதிக்கிற ஹாம்ஸ்டரைக் ‘குணம் அப்படி’ என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்த எலிகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கூண்டு சிறியதாக இருப்பதும் தூக்கம் கெடுவதும்கூடக் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் கிண்ணத்தையும் விசாரிக்காமல் விடக் கூடாது.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் உலர் உணவு தின்னும். குள்ள வகைக்கு அதில் பாதி போதும். அந்த உணவில் 16 முதல் 20 சதவீதம் புரதமும், 4 முதல் 7 சதவீதம் கொழுப்பும் இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கம்பு, சோளம், தினை எல்லாம் நல்ல தானியங்கள்தான், ஆனால் அவற்றின் புரதம் 10, 11 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். தானியம் மட்டும் கொடுத்தால் எத்தனை வகையைக் கலந்தாலும் 16ஐத் தொட முடியாது. சரி, புரதம் கூட்டச் சூரியகாந்தி விதை சேர்க்கலாம் என்றால், அதில் 20 சதவீதம் புரதத்தோடு ஏறக்குறைய 50 சதவீதம் கொழுப்பும் வந்து விழும். 10 கிராமில் 3 கிராம் சூரியகாந்தி என்றால் அந்த விதையிலிருந்து மட்டுமே 15 சதவீதம் கொழுப்பு. உடல் பருத்து, ஈரல் கெட்டு, சக்கரத்தில் ஓடவே மனமில்லாத ஒரு விலங்குதான் மிஞ்சும். இப்போது வேறு மாதிரி பிரித்துப் பாருங்கள்: 6 கிராம் பலவகைத் தானியம், இரண்டரை கிராம் பருப்பு, அரை கிராம் எண்ணெய் வித்து, 1 கிராம் உலர்ந்த புழுவோ கூட்டுப்புழுவோ. புரதம் 18 சதவீதத்துக்கு வந்துவிடும், கொழுப்பும் 7ஐ ஒட்டி நிற்கும். இடைவெளியை அடைத்தது தானியமும் இல்லை, விதையும் இல்லை. அந்தப் பருப்பும் அந்த 1 கிராமும்தான். கடைப் பொட்டலத்தில் பெரும்பாலும் விடுபட்டிருப்பவையும் இவையே.

இதற்குத் தேவையான எல்லாமே கொங்கு நாட்டு மளிகைக் கடையில் கிடைக்கும் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. தினை, சாமை, கம்பு, சோளம், ராகி ஆகியவற்றைத் தீட்டாமல், முடிந்தால் உமியோடு வாங்குங்கள். உமி நார்ச்சத்து தரும், கொறிக்கிற வேலையும் தரும். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. பருப்பில்தான் எச்சரிக்கை வேண்டும். கொள்ளு, அவரை, மொச்சை, தட்டைப்பயறு எதையும் பச்சையாகப் போடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் உண்டு, வேகவைத்தால்தான் அடங்கும். உப்பில்லாமல் நன்றாக வேகவைத்து, நீரை வடித்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். அதைவிட எளிய வழி பொட்டுக்கடலை. வறுபட்டே வருகிறது, புரதம் 20 சதவீதத்துக்கு மேல், சட்னி அரைக்காத வீடு கோவையில் ஏது? முளைகட்டிய பாசிப்பயறு நாலைந்து மணிகள் கொடுத்துப் பாருங்கள். ஹாம்ஸ்டர் முன்னங்கால் இரண்டாலும் பிடித்து, முளையை முதலில் கடித்து இழுத்து, தோலைத் தனியே உரித்துக் கீழே போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் கன்னப்பைக்குள் தள்ளும்.

‘நாங்க கவுச்சி சேர்க்காத வீடுங்க, புழுவெல்லாம் முடியாது’ என்பவர்கள் இங்கே நிறைய. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஹாம்ஸ்டர் சைவ விலங்கு என்பது கடையில் பரவிய எண்ணம். இயற்கையில் அது தானியத்தோடு பூச்சிகளையும் தின்னும் அனைத்துண்ணி. புழு வேண்டாம் என்றால் வேகவைத்த முட்டை வெள்ளையைச் சுண்டுவிரல் நகமளவு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் உப்பில்லாத பன்னீர்த் துணுக்கோடு பருப்பின் அளவைக் கூட்டி, நல்ல பெல்லட் தீவனத்தையே, அதாவது எல்லாவற்றையும் அரைத்து ஒரே மாதிரித் துண்டுகளாக அழுத்தியதையே, அடிப்படையாக வைப்பதுதான் நேர்மையான வழி. கவுச்சிக்குத் தடையில்லாத வீடுகளுக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு நல்ல பொருள் இருக்கிறது. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு பெருந்தொழில். பட்டு நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவில், காய்ந்த நிலையில், பாதிக்குப் பாதி புரதம். மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போவது அதுதான். ஆனால் அதில் எண்ணெய் அதிகம், சிக்குவாடை பிடித்த கூட்டுப்புழு கூடவே கூடாது. உண்ணும் தரத்தில் சுத்தமாக உலர்த்தியது கிடைத்தால் நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

‘எதை வைத்தாலும் அது சூரியகாந்தியைத்தான் பொறுக்கித் தின்கிறது, தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியாதா?’ என்பது அடிக்கடி வரும் மறுப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆசை எங்கே உருவானது என்று பார்க்க வேண்டும். சிரியன் ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் வட சிரியாவும் அதை ஒட்டிய துருக்கிப் பகுதியும். 1930இல் அலெப்போ அருகே பிடிபட்ட ஒரு தாயும் குட்டிகளும்தான் நம் வீடுகளில் இருக்கும் கூட்டத்துக்கு ஆதிக்குடும்பம். அங்கே கோதுமையும் பருப்புப் பயிர்களும் விளையும் வயலில் வளை தோண்டி வாழும் விலங்குக்குக் கொழுப்பு மிகுந்த விதை எப்போதோ ஒருமுறை கிடைக்கும் அதிர்ஷ்டம். கிடைத்தவுடன் அள்ளிப் பதுக்கிக்கொள்வதுதான் அங்கே பிழைக்கும் வழி. நாம் அந்த அதிர்ஷ்டத்தைத் தினசரி ஆக்கிவிட்டு, அது அள்ளுவதை அறிவு என்கிறோம். காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் விதையெல்லாம் போய், பெல்லட் மட்டும் அப்படியே கிடக்கும். வளர்ப்பவர் இரக்கப்பட்டு மறுபடி நிரப்புவார். விதை மறுபடி போகும். கலவை பையில் சமச்சீராக இருந்திருக்கலாம், ஆனால் வயிற்றுக்குள் போனது சமச்சீராக இல்லை. கிண்ணம் காலியாகும்வரை நிரப்பாமல் இருப்பதும், விதையைக் கலவையில் போடாமல் கையால் எண்ணிக் கொடுப்பதும்தான் இதற்கு மருந்து.

அப்படியானால் பெல்லட் மட்டும் போதுமே என்று கேட்கலாம். ஒவ்வொரு கடியும் ஒன்றுபோல இருப்பதால் பொறுக்கித் தின்ன முடியாது, வைட்டமினும் தாதுவும் அளந்து சேர்த்திருப்பார்கள். நல்ல பெல்லட்டின் பலம் இது. வீட்டுக் கலவையால் எளிதில் ஈடுகட்ட முடியாததும் இதுதான். ஆகவே நல்லது கிடைக்கிறவர்கள் அதையே பாதிக்குக் குறையாமல் வைத்து, மீதியைத் தானியம், பருப்பு, கீரையால் நிரப்ப வேண்டும் என்பது என் பரிந்துரை. பெல்லட் மட்டுமே போட்டால் தேடித் தின்பது, உரிப்பது, பதுக்குவது என்று அந்த விலங்கின் இரவு வேலை எல்லாம் போய்விடும். உறையில் புரதம், கொழுப்பு, நார் அளவுகளும் காலாவதி நாளும் அச்சிடப்படாத தீவனத்தை வாங்காதீர்கள். முயல் பெல்லட்டும் ஹாம்ஸ்டருக்கு ஆகாது. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் மலிவாகக் கிடைக்கிறதே என்று கோழித்தீவனத்தைப் போடுவதும் தப்பு. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு உருவாக வேண்டி 4 சதவீதத்தை ஒட்டிக் கால்சியம் இருக்கும், ஒரு சின்ன விலங்கின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

ஆனால் கோழிப் பண்ணைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. மக்காச்சோள மூட்டையும் புண்ணாக்கும் வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது பூஞ்சையைத்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் உலகத்துக்குத் தெரிந்தது. ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. கழுவினாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. நிலக்கடலையில் நியாசின் நிறைய உண்டு என்பதால் எப்போதாவது அரைப் பருப்பு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாம் தின்னத் தயங்கும் சுருங்கிய, நிறம் மாறிய கடலையை ‘எலிக்குத்தானே’ என்று போடுவது கொடுமை. ஐப்பசி மழையில் தானியம் ஈரம் உறிஞ்சும்; மூடி இறுகிய டப்பாவில், மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வைத்திருப்பதே பாதுகாப்பு.

காய்கறியிலும் பழத்திலும்தான் வீடுகளில் கை தாராளமாகிவிடுகிறது. ஹாம்ஸ்டர் தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். கினிப்பன்றிக்குச் சொன்ன அறிவுரையை இதற்கும் சொல்லி ஆரஞ்சு ஊட்ட வேண்டியதில்லை. குள்ள வகைகளுக்குப் பழச் சர்க்கரை பெரிய அபாயம்; சீன ஹாம்ஸ்டரிடம் பரம்பரையாக நீரிழிவு வருவது 1950களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர்களுக்குத் தெரிந்த செய்தி. வாழைப்பழம், திராட்சை, வெல்லம், தேன், பிஸ்கட் எல்லாவற்றையும் அவற்றுக்கு முழுமையாகவே நிறுத்திவிடலாம். பொள்ளாச்சித் தேங்காய் நல்ல தேங்காய்தான், ஆனால் கொழுப்பு. ஒரு துருவலுக்கு மேல் வேண்டாம். வெள்ளரித் துண்டு, கொத்தமல்லித் தழை, சுரைக்காய்ச் சீவல், நாலு முருங்கை இலை என்று மாற்றி மாற்றி, நகமளவு கொடுத்தால் போதும். தண்டுக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம், தினமும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட், காரம் போட்ட எதுவும் கூடவே கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். காய் கொடுக்கிறோமே என்று பாட்டிலை எடுத்துவிடாதீர்கள்.

‘மனுசனுக்கே சத்தான சோறு இல்லாத ஊருல எலிக்கு இத்தனை கணக்கா?’ என்று கேட்பவர்களின் கோபம் பொய்யில்லை. ஆனால் பணத்தால் அளந்தால் இது மிகச் சின்ன விஷயம். நாளுக்கு 10 கிராம் என்றால் 1 கிலோ கலவை மூன்று மாதத்துக்கு மேல் வரும். சாயம் ஏற்றிய பொட்டலத்தைவிடச் சாமையும் பொட்டுக்கடலையும் மலிவு. உண்மையில் கேட்கப்படுவது கவனம். தெருநாய்கூடத் தனக்குக் கிடைக்காததை அடுத்த தெருவில் தேடிக்கொள்ளும். காங்கேயம் மாடு கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் பயறுவகைச் செடியையும் வெள்வேலங்காயையும் தானாகவே மாற்றி மாற்றி மேயும். கூண்டில் அடைபட்ட விலங்குக்கு அந்த வழி கிடையாது. நாம் போடாத ஒன்று அதன் உலகத்திலேயே இல்லை. அடைத்து வைக்க முடிவு செய்தவருக்கு அந்த முழுப் பொறுப்பும் வந்து சேர்கிறது, விலங்கு எத்தனை சிறியதாக இருந்தாலும்.

பழைய தீவனத்திலிருந்து புதியதுக்கு ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் இந்த உடல் அளவுக்கு ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். அதன்பின் நம்ப வேண்டியது கிண்ணத்தை அல்ல, சமையலறைத் தராசை. வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் ஒரு டப்பாவில் இறக்கி எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஹாம்ஸ்டர் நோயைக் கடைசிவரை மறைக்கும், எடையை மறைக்க முடியாது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், தண்ணீர் குடிப்பது திடீரென்று கூடினாலும், சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். கூண்டின் மூலையில் மரத்தூளுக்கு அடியில் இருக்கும் பதுக்கலையும் எடை போடும் நாளில் பாருங்கள். ஈரமான காயை மட்டும் எடுத்துவிட்டு, உலர்ந்த தானியத்தில் ஒரு கைப்பிடியை அங்கேயே விட்டுவையுங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் அது பதறிப்போய் இன்னும் அதிகமாகப் பதுக்கும். எதைத் தின்றது, எதைச் சேர்த்து மட்டும் வைத்தது என்பது அந்த மூலையில்தான் தெரியும். அடுத்த வாரக் கலவையை அதைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.